கார்டில் இல்லாத அக்கா

டெல்லி
12.2.1983

அன்புள்ள மாமாவுக்குப் பொன்னி வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? ஜவ்வரிசி ஆலையில் உங்களுக்கு ஷிப்ட் மாறிவிட்டதா?

அப்பா அக்காவைப் பத்திரமாகக் கூட்டி வந்துவிட்டார். மெட்ராசில் வண்டி மாறும்போது மட்டும் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டாளாம். பிறகு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள் டெல்லி வரை எழுந்திருக்கவில்லையாம். ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் என் கன்னத்தைத் தொட்டாள். மூன்று வருஷத்துக்கு முன் உங்களுக்குக் கல்யாணம் செய்து அனுப்பி வைத்த அக்காவா இவள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

நேற்று அவளை மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாசலில் இருந்த கிளார்க், டெல்லிக்காரர்களுக்குத்தான் இலவசம், ரேஷன் கார்டைக் காட்டு என்றார். அப்பாவே பேசி முடித்தார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இங்கே கட்டிப்போடுவது இல்லை. லீலாவதி சிஸ்டர் என்று ஒருவர், பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுகிறார். அக்காவின் வலது கணுக்காலில் கோயில் சங்கிலி அறுத்த புண்ணைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்து மருந்து போட்டார். அக்கா காலை இழுத்துக்கொள்ளாமல் கொடுத்தாள். அந்த சிஸ்டர் நன்றாக இருக்க வேண்டும்.

வியாழனும் ஞாயிறும் போய்ப் பார்க்கலாம். நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் மன்னித்துப் படியுங்கள்.

பணிவுடன்,
பொன்னி

*

ஆத்தூர்
24.2.83

அன்பு பொன்னிக்கு மாமா குழந்தைசாமி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் கடிதம் வந்தது. படித்தேன்.

வடிவு சாப்பிடுகிறாளா? இங்கே குழந்தை போன நாளிலிருந்து கஞ்சியைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. அம்மா கோயில் திருநீறு கொடுத்தாள், கவரில் வைத்திருக்கிறேன். பூசிவிட டாக்டர் சம்மதித்தால் பூசு. கோயிலில் நாற்பத்தெட்டு நாளும் குறை வைக்காமல் இருந்து முடித்தும் தெளியவில்லையே என்று அம்மாவுக்கு வருத்தம்.

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?

உன் அப்பாவுக்கு என் வணக்கம்.

குழந்தைசாமி

*

டெல்லி
8.3.1983

அன்புள்ள மாமாவுக்கு, வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

போன கடிதத்தில் மறைத்ததை இப்போது சொல்கிறேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆனதுமே எங்கள் ரேஷன் கார்டில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அம்மா இறந்தபின் கார்டில் மீதி இருப்பது இரண்டே பெயர்கள், தர்மன், பொன்னி. கிளார்க் கார்டைக் கேட்டதும் அப்பா பயந்துபோய், அக்காவைக் காட்டி, "இதான் பொன்னி" என்று சொல்லிவிட்டார். கார்டில் பதினாறு வயது போட்டிருக்கிறது. கிளார்க் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அக்கா பொன்னியாகிவிட்டதால் நான் வடிவு ஆனேன். பார்க்க வருகிறவர்களுக்குத் தரும் பாஸில் என் பெயர் வடிவு.

போன ஞாயிறு லீலாவதி சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வடிவு, உன் அக்காவுக்குத் தன் பேரே நினைவில்லை. பொன்னின்னு கூப்பிட்டா திரும்பறதே இல்லை. ‘நான் வடிவு, பொன்னி என் தங்கச்சி, அவ எங்கே’ன்னு நாள் பூரா கேட்டுண்டிருக்கா. தன்னையே தான் தேடிண்டிருக்கா, பாவம். பெரிய டாக்டரம்மா தலைக்குக் கரண்டு வைக்கலாம்னு எழுதியிருக்காங்க. பயப்படாதே, பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அதுலதான் குணமாச்சு."

பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அது தேவையாக இருந்திருக்கும். அக்காவுக்கு எங்கள் பொய்க்காக வைக்கப் போகிறார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"வாயத் தொறந்தியா, கார்டப் புடுங்கிக்குவான். என்னையும் போலீசு கொண்டுபோவும்" என்றார்.

"அக்காவுக்குக் கரண்டு வெக்கப் போறாங்கப்பா."

"டாக்டருக்குத் தெரியாதா உனக்குத் தெரியுமா? கடைக்காரன்கிட்ட உப்பு கேக்கவே வாய் வராது உனக்கு. நீ டாக்டர்கிட்டப் பேசப் போறியாக்கும்!"

அது உண்மைதான் மாமா. நான் யாரிடமும் பேச மாட்டேன். வேலை செய்யும் வீட்டில்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன். திங்கட்கிழமை அந்த வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மா அறை வாசலில் நின்றேன். மூன்று முறை கதவருகே போய்த் திரும்பினேன். நாலாவது முறை அவரே வெளியே வந்து, "போலோ பேட்டி, சொல்லு மகளே, என்ன வேணும்?" என்றார். நான் பாஸை நீட்டினேன். "இது நான் இல்லை" என்று இந்தியில் சொன்னேன். அப்புறம் அழுகையும் பேச்சும் சேர்ந்து வந்தது.

அவர் என்னை உள்ளே கூப்பிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டப் போகிறார் என்று நின்றிருந்தேன்.

"இருபத்து நாலு நாளாக இந்த வார்டில் அவள் ஒருத்திதான் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தப்பாகச் சொன்னது நாங்கள்" என்றார்.

பிறகு என் கையைப் பிடித்து வார்டுக்குக் கூட்டிப்போனார். கட்டில் ஓரம் நின்று, "வடிவு" என்றார். அக்கா சட்டென்று திரும்பி, "என்னங்க?" என்றாள். லீலாவதி சிஸ்டர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கரண்டு வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். ரிஜிஸ்டரில் பெயரை அடித்து மாற்றி, டாக்டரம்மாவே கையெழுத்துப் போட்டார். இலவசத்துக்கும் அவரே சொல்லிவிட்டார். போலீஸ் யாரும் வரவில்லை. திருநீறு பூசவும் சம்மதித்தார். இனிப் போகும்போதெல்லாம் பூசிவிடுவேன்.

நீங்கள் கேட்டிருந்தீர்கள். அக்கா உங்களைப் பற்றி இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.

பொன்னி

*

டெல்லி
10.4.1983

அன்புள்ள மாமாவுக்கு, வணக்கம். என் கடிதம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு மாதமாக உங்களிடமிருந்து வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அக்காவை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இது டாக்டரம்மா புதிதாகத் தொடங்கியது. இங்கே ஒவ்வொரு நோயாளியோடும் வீட்டு ஆள் ஒருவர் தங்க வேண்டும். நான் தங்கியிருக்கிறேன். வேலை செய்த வீட்டில் வத்சலா மாமி, "போயிட்டு வா, உன் வேலை எங்கேயும் போகாது" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்களையும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

பொதுச் சமையலறை இருக்கிறது. அவரவர் சமைத்துக்கொள்ளலாம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கேழ்வரகு மாவு வாங்கி வந்து களி கிண்டினேன். கட்டி தட்டிவிட்டது. அக்கா ஒரு வாய் வைத்து, "இதத் தின்னா இருக்குற புத்தியும் போயிரும்" என்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் செய்த முதல் கேலி. நான் சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதேன். மறுநாளிலிருந்து களி அவள்தான் கிண்டுகிறாள். பக்கத்தில் இருக்கும் பஞ்சாபி அம்மாளுக்கும் ஒரு உருண்டை போகிறது. அந்த அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டே, "அச்சா ஹை" என்று சாப்பிடுகிறாள்.

திங்கட்கிழமை எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார வேண்டும். டாக்டரம்மாவும் பாயில்தான். யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் பேசலாம். அக்கா பேசுவதை நான்தான் இந்தியில் சொல்ல வேண்டும். முதல் வாரம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "பெரியவள் தேறிவிட்டாள், சின்னவளுக்குத்தான் வைத்தியம் வேண்டும்" என்று டாக்டரம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

குழந்தையைப் பற்றி அக்கா இரண்டு தரம் பேசினாள். ஆண் குழந்தை, இடது காதில் மச்சம் இருந்தது என்று சொன்னாள். எனக்கு அதுவரை தெரியாது. கேட்ட பெண்கள் யாரும் ‘மறந்துவிடு’ என்று சொல்லவில்லை.

முக்கியமான விஷயம். அக்காவை வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். ஆனால் டாக்டரம்மா ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார். யாரோடு போய் வாழப் போகிறாளோ அவர் வந்து பத்து நாள் இங்கே தங்க வேண்டும். மாத்திரை கொடுக்கவும், அவள் பேசாத நாளில் எப்படி நடந்துகொள்வது என்றும் பழக வேண்டும். அப்பா வரலாமா என்று கேட்டேன். "அவள் அப்பாவோடா குடும்பம் நடத்தப் போகிறாள்?" என்றார்.

எப்போது வருகிறீர்கள்?

பொன்னி

*

ஆத்தூர்
2.5.83

பொன்னிக்கு அத்தை ஆராயி சொல்லத் தபால்காரர் காத்தவராயன் எழுதியது. இங்க நானும் என் மவனும் இருக்கோம். அங்க உங்கப்பன் சுகமா?

ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது தாயி. ஒத்த மவன். சோறாக்க ஆளில்ல, எனக்கு முட்டி மடங்கல. ஒருக்கா புத்தி பெரண்டவ நாளைக்கும் பெரளுவா. அவ உங்கப்பங்கிட்டயே இருக்கட்டும், வருசத்துக்கு ரெண்டு சீலை எடுத்து அனுப்பிடறோம். அக்கா இருந்த எடத்துக்குத் தங்கச்சி வர்றது ஊர்ல இல்லாததில்ல. நீ வந்துரு. ஆவணியில தாலி கட்டிரலாம். உங்கப்பங்கிட்டச் சொல்லு.

இப்படிக்கு ஆராயி.

(அம்மா சொன்னதை எழுதியிருக்கிறேன். எனக்கு இதில் சம்பந்தமில்லை. காத்தவராயன்.)

*

டெல்லி
14.5.1983

மரியாதைக்குரிய அத்தைக்குப் பொன்னி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்காலுக்கு லீலாவதி சிஸ்டரிடம் கேட்டு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அக்காவுக்கும் காட்டவில்லை.

ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் இருபத்து நாலு நாள் மனநோயாளி என்று இருந்தது என் பெயர்தான். மேலே அடித்து எழுதியிருந்தாலும் கீழே பொன்னி என்று நன்றாகத் தெரிகிறது. அப்படிப்பட்ட பெண் உங்கள் வீட்டுக்கு வேண்டாம் அத்தை.

குணமானவள் பெயர் வடிவு. அவளை அனுப்புகிறோம். களி நன்றாகக் கிண்டுவாள்.

தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொன்னி

*

டெல்லி
5.6.1983

அன்புள்ள மாமாவுக்கு, வணக்கம். இங்கே வெயில் தாங்கவில்லை. சன்னலில் ஈரக் கோணி கட்டியிருக்கிறோம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆலையில் லீவு கிடைக்காமல் இருக்கலாம்.

பஞ்சாபி அம்மாளின் வீட்டுக்காரர் வந்து பத்து நாள் இருந்து அவளைக் கூட்டிப் போய்விட்டார். அந்தக் கட்டிலுக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். அவள் பயந்து கத்தினால் அக்காதான் போய் உட்காருகிறாள். பாஷை தெரியாது. முதுகைத் தடவிக்கொண்டு, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்பாள். அது போதுமாக இருக்கிறது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் டாக்டரம்மா, "வடிவின் வீட்டுக்காரர் எழுதினாரா?" என்று கேட்கிறார். நான் இல்லை என்று தலையாட்டுகிறேன். அக்கா அப்போது தரையைப் பார்க்கிறாள். போன வாரம் டாக்டரம்மா என்னிடம் தனியாக, ஆள் வராமல் இங்கேயே தங்கிப் போன பெண்கள் பின்பக்க வார்டில் இருக்கிறார்கள் என்றார். ஒருத்தி பதினோரு வருஷமாக இருக்கிறாளாம். அவளுக்கு இப்போது நோய் ஒன்றும் இல்லையாம்.

வருவீர்களா, மாட்டீர்களா என்று மட்டும் எழுதுங்கள். எதுவானாலும் நான் அக்காவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

பொன்னி

*

ஆத்தூர்
17.6.83

பொன்னிக்குக் குழந்தைசாமி எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அம்மா உனக்கு எழுதச் சொன்னது எனக்குத் தெரியாது. காத்தவராயன் நேற்றுத்தான் சொன்னார். உன் பதிலையும் அவர்தான் அம்மாவுக்குப் படித்திருக்கிறார். அம்மா மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. நீ அப்படி எழுதியதற்கு நான் உனக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

லீவு கிடைக்காமல் இல்லை. கேட்கவே இல்லை.

கோயிலில் வடிவு காலில் சங்கிலி போட்டது பூசாரி என்றுதான் உன் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். பூசாரி சங்கிலியை என் கையில் கொடுத்து, தாலி கட்டியவனே கட்ட வேண்டும் என்றார். நான்தான் கட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில் இருந்தது. நாற்பத்தெட்டு நாளும் அவள் பக்கத்திலேயே படுத்திருந்தேன். அவள் கேட்டபோதெல்லாம் சாமி கோபித்துக்கொள்ளும் என்று சொன்னேன். அவள் குணமாக வேண்டும் என்றுதான் செய்தேன். வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

உன் முதல் கடிதத்தில் அந்த சிஸ்டர் புண்ணைத் துடைத்ததைப் படித்ததிலிருந்து எனக்கு எழுத வரவில்லை. எந்த முகத்தோடு அங்கே வருவது? அவள் வேண்டாம் என்று சொன்னால் நான் வரவில்லை. அவளிடம் இதைப் படித்துக் காட்டு.

குழந்தைசாமி

*

டெல்லி
27.6.1983

அன்புள்ள மாமாவுக்கு, வணக்கம். நேற்றுத்தான் முதல் மழை பெய்தது. எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அதனால் லீலாவதி சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசி வரை நறுக்குவதை நிறுத்தவில்லை.

முடித்ததும், "இது எனக்குத் தெரியாதா? என் காலுதானே" என்றாள்.

இன்னும் இரண்டு காயை நறுக்கிவிட்டு, "நான் கத்துவேன். அவரும் பக்கத்துல உக்காந்து அழுவாரு. அழுத நேரத்துக்கு அவுத்து வுட்டிருக்கலாம்" என்றாள்.

நான் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வரச் சொல்லு. பத்து நாளு இங்க வந்து குந்தட்டும். நான் அங்க நாப்பத்தெட்டு நாளு குந்தலியா? எனக்கும் சொல்றதுக்கு நெறைய இருக்குது. பாயில உக்காந்து எல்லாரும் கேக்கச் சொல்லுவேன். அதுக்குத் தைரியம் இருந்தா வரட்டும்."

சிஸ்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஆனால் இன்று காலை, "மாமனுக்கு சப்பாத்தி செரிக்காது, அரிசி வாங்கி வையி" என்றாள்.

வாங்கி வைத்துவிட்டேன்.

பொன்னி

*

ஆத்தூர்
18.9.83

அன்பு பொன்னிக்கும் மாமனார் அவர்களுக்கும் குழந்தைசாமி வணக்கம். நானும் வடிவும் அம்மாவும் சுகம். நீ கொடுத்த தைலத்தை அம்மா சிக்கனமாகத் தடவிக்கொள்கிறாள்.

ஊர் வந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. கடிதம் போடத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அவள் பேசாத நாள் ஒன்று வரட்டும், பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். போன வாரம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் வடிவு எழுந்திருக்கவில்லை. பேசவும் இல்லை. எங்கள் குழந்தை பிறந்த தேதி அது. எனக்கே மதியம்தான் உறைத்தது. மாத்திரையை மட்டும் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள். "திரும்பவும் ஆரம்பிச்சிருச்சு, கோயிலுக்கே கொண்டுபோயிருங்க" என்றார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

டாக்டரம்மா பத்து நாளும் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். அவள் பேசாதபோது நீயும் எதுவும் செய்யாதே, எங்கேயும் போகாதே என்று. எனக்கு அது வைத்தியமாகவே படவில்லை. அந்தப் பாயில் வடிவு என்னை எல்லோர் முன்னாலும் கேட்ட கேள்விகளையும், நீ அதை ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னதையும் நினைத்துக்கொண்டேன். ஆலைக்குப் போகவில்லை. "கோயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல, அவ படுத்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் கலைந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெயில் இறங்கியது. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வடிவு கூந்தலை முடிந்துகொண்டே நிலைப்படிக்கு வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் எதுக்கு வாசல்ல காவல் காக்கறீங்க? ஒல வெக்கறதில்லையா இந்த வீட்ல?"

அம்மா எழுந்திருக்கக் கை நீட்டினாள். வடிவுதான் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

உங்கள் அன்புள்ள,
குழந்தைசாமி